நகல் வைத்துக்கொள்ளாத கடிதம்

நான் எழுதிய ஒரு கடிதத்தை என்னால் படிக்க முடியவில்லை. கடிதம் தொலைந்துபோகவில்லை. என் கம்ப்யூட்டரில், அனுப்பியவற்றின் அடுக்கில், 2021 நவம்பர் மாதத்துக் கடிதங்களுக்கு நடுவே இருக்கிறது. யாருக்கு, என்றைக்கு, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் தெரிகிறது. 'உன் தொகுப்பு பற்றி' என்று நான் கொடுத்த தலைப்பும் தெரிகிறது. திறந்தால் ரோமன் எழுத்துக்களும் எண்களும் கூட்டல் குறிகளும் சாய்கோடுகளும் கலந்து, வரிக்கு 64 எழுத்தாக, இருநூற்றுச் சொச்சம் வரிகள். யாருக்கு எழுதினேனோ அவன் 2022 ஐப்பசியில் இறந்துவிட்டான். அந்த வரிகளைத் திரும்பவும் தமிழாக்கக்கூடிய சாவி அவனிடம் மட்டும்தான் இருந்தது.

இதைப் படிக்கிறவர்களில் சிலருக்கு அவனைத் தெரிந்திருக்கும். ஒரு தொகுப்பு வந்திருக்கிறது. இரண்டாவது கையெழுத்துப் பிரதியோடு நின்றுவிட்டது. பெயர் சொல்வதை அவன் விரும்பமாட்டான். ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கிற உத்தியோகம். நான் பாங்கில் கவுண்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவன். இரண்டு பேருக்கும் சம்பளம் வாங்கித்தந்த வேலைக்கும் எழுத்துக்கும் சம்பந்தமில்லை என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2013 ஜூனில் ஸ்னோடன் வெளியிட்ட தஸ்தாவேஜுகளைப் பற்றிப் பத்திரிகைகள் எழுத ஆரம்பித்தபோது அவனைக் கவர்ந்தது உளவு சமாச்சாரம் அல்ல. அதற்கு முன்னால் நடந்த ஒரு சின்ன அபத்தம். 2012 டிசம்பரில் க்ளென் க்ரீன்வால்ட் என்ற பத்திரிகைக்காரருக்கு ஸ்னோடன் பெயர் சொல்லாமல் எழுதுகிறார்: உங்களிடம் சில விஷயங்கள் பேசவேண்டும், முதலில் பி.ஜி.பி. என்கிற சங்கேத முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். க்ரீன்வால்ட் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார். படிக்கச் சிரமமாயிருக்கிறது, நேரமில்லை. கடைசியில் லாரா பாய்ட்ராஸ் என்ற படக்காரர் மூலம்தான் விஷயம் நகர்கிறது. "சோம்பேறித்தனத்தால சரித்திரம் ஆறு மாசம் வாசல்ல நின்னுது பார்" என்பான் நண்பன். அந்தச் சோம்பேறித்தனத்துக்கு ஆராய்ச்சி ஆதாரமே உண்டு. 1999-ல் அமெரிக்காவில் 12 பேரை உட்காரவைத்து, 90 நிமிஷம் கொடுத்து, பி.ஜி.பி.யில் ஒரு கடிதத்தைக் கையெழுத்திட்டுப் பூட்டி அனுப்பச் சொல்லிப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான் முடிந்தது. எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆயிற்று. கூடவே உட்கார்ந்து அவன் கற்றுக்கொடுத்தான்.

முறை என்னவென்று சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். பழைய சங்கேதங்களில் பூட்டுகிறவனிடமும் திறக்கிறவனிடமும் ஒரே சாவி இருக்கவேண்டும். அந்தச் சாவியை முதலில் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதுதான் காலங்காலமாக இருந்த கஷ்டம். 1976-ல் டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் இதற்கு ஒரு வழி யோசித்தார்கள். 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடெல்மன் மூவரும் அதைக் கணக்காகச் செய்துகாட்டினார்கள். (அதே கணக்கை 1973-லேயே க்ளிஃபர்ட் காக்ஸ் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்திருந்தார். பிரிட்டிஷ் அரசாங்க ஒட்டுக்கேட்புத் துறையில் வேலை. 1997 வரை வெளியே தெரியவில்லை. ரகசியத்தைப் பற்றிய கண்டுபிடிப்பே ரகசியமாக இருந்தது.) ஒவ்வொருவனுக்கும் ஒரு ஜோடி: ஒரு பூட்டு, ஒரு சாவி. பூட்டை, திறந்த நிலையில், யார் கேட்டாலும் கொடுத்துவிடலாம், பத்திரிகையில்கூட அச்சடிக்கலாம். அதில் பூட்டி அனுப்ப யாராலும் முடியும். திறக்கிற சாவி சொந்தக்காரனைவிட்டு எங்கும் போவதில்லை. நான் அவனுக்கு எழுதும்போது அவன் பூட்டால் பூட்டுகிறேன். பூட்டிய பிறகு எனக்கும் அதற்கும் சம்பந்தம் விட்டுப்போகிறது. என் சாவி என் பூட்டைத்தான் திறக்கும்.

இதை 1991-ல் சாதாரண ஜனங்களின் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தவர் ஃபில் ஸிம்மர்மன். சங்கேத மென்பொருளை அந்தக் காலத்து அமெரிக்கச் சட்டம் ஆயுதப் பட்டியலில் வைத்திருந்தது. அனுமதியில்லாமல் ஏற்றுமதி செய்ததாக அவர் மேல் விசாரணை நடந்து, 1996 ஆரம்பத்தில் வழக்குப் போடாமலே கைவிட்டார்கள். இதற்கு நடுவே, 1995-ல், எம்.ஐ.டி. பதிப்பகம் அந்த மென்பொருளின் வரிகளை அப்படியே ஒரு புத்தகமாக அச்சிட்டது. வட்டில் போனால் ஆயுதம்; அச்சில் போனால் பேச்சுச் சுதந்திரம். பிற்பாடு வந்த ஒரு வடிவம் அப்படித்தான் புத்தகங்களாக ஐரோப்பாவுக்குப் போய், பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்யப்பட்டு மறுபடியும் மென்பொருளாயிற்று. இருநூறு பிரதி விற்காத புத்தகம் போடுகிற எங்களுக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது.

2014-லிருந்து எங்கள் கடிதங்கள் இந்த முறைக்கு மாறின. நான் கேலி செய்தேன். தபால் செலவு நம்முடையதாக அனுப்பினாலே கவிதையைப் படிக்கிறவன் இல்லை, ஒளித்துவைத்தால் தேடிவந்து படிக்கப்போகிறானா என்று கேட்டேன். "ஒளிச்சு வெக்கல. உனக்கு மட்டும்னு எழுதறேன். அது வேற" என்றான். 2016-ல் வாட்ஸப் தன் கடிதங்கள் எல்லாவற்றுக்கும் இதே மாதிரியான பூட்டைப் போட்டபோது, காலை வணக்கமும் ரோஜாப்பூவும் யாரும் உடைக்கமுடியாத பெட்டியில் கோடிக்கணக்கில் போகின்றன என்று சிரித்தான். இருந்தாலும் கையால் பூட்டுவதை அவன் விடவில்லை. கவரின் நாக்கில் எச்சில் தடவி ஒட்டுகிற மாதிரி, ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு விநாடி நின்று இது இன்னாருக்கு என்று சொல்லவேண்டியிருப்பது அவனுக்குப் பிடித்திருந்தது.

புதுக்கவிதையைப் பற்றி ஐம்பது வருஷமாக ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது: சங்கேத பாஷை, எழுதினவனுக்கும் அவன் சிநேகிதனுக்கும் மட்டும் புரிவது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த ஒப்புமை நிற்காது. நல்ல சங்கேதத்தில் ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் எந்த உறவும் தெரியக்கூடாது. உறவு தென்பட்டால் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவார்கள். கவிதையில் இருப்பதெல்லாம் அந்த உறவுதான். சங்கேதத்துக்குள் ஒரே ஒரு சரியான வாசகம் உண்டு. சாவி கிடைத்த நிமிஷத்தில் அது முழுதாக வந்துவிடும், பிறகு சாவிக்கு வேலையில்லை. கவிதைக்கு அப்படியொரு நிமிஷம் கிடையாது. கவிஞனிடம் போய்ச் சாவி கேட்கிற விமர்சகன் தான் எதைப் படித்துக்கொண்டிருக்கிறோம் என்று தெரியாதவன். நான் அப்படிக் கேட்டதில்லை. நான் செய்தது வேறு.

2021 அக்டோபரில் இரண்டாவது தொகுப்புக்கான பிரதியை அனுப்பினான். நாற்பத்தொரு கவிதைகள். ஒரு மாதம் வைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை இரவு, சாப்பிட்டபின் உட்கார்ந்து, ஒரே மூச்சில் எழுதினேன். அனுப்பிய நேரம் 1.10. எழுதியதைப் பூட்டினேன், அனுப்பினேன், பூட்டாத மூலத்தை அழித்தேன். அழிக்கப் பழக்கியவன் அவன்தான்: பூட்டினதுக்கப்புறம் மூலத்தை வெளியே விட்டுவைத்தால் பூட்டினதில் என்ன அர்த்தம்? அனுப்புகிறவனும் பின்னால் படிக்கும்படி அவன் பூட்டாலும் சேர்த்துப் பூட்டிக்கொள்ள வசதி உண்டு. நாங்கள் உபயோகித்த ஜி.பி.ஜி.யில் அதை நாமாகக் கேட்டால்தான் செய்யும். ஆரம்பத்திலேயே, என் கடிதங்களை நானே படிக்க முடியவில்லையே என்று கேட்டிருக்கிறேன். "போஸ்ட் பண்ணின லெட்டரை தபால் பெட்டிக்குள்ள கைவிட்டு எடுத்துப் படிப்பியா?" என்றான். அது எனக்குச் சரியாகவும், கொஞ்சம் அழகாகவும் பட்டது. அப்படியே விட்டுவிட்டோம்.

பதில் ஐந்தாம் நாள் வந்தது. என் பூட்டால் பூட்டியது. ஆகையால் அதை இன்றைக்கும் என்னால் படிக்க முடியும். 'கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். இங்கே விடாத மழை, லேபில் தண்ணீர் ஏறிவிட்டது.' அவ்வளவுதான். அதற்குப் பிறகும் எழுதிக்கொண்டிருந்தான். மொத்தம் பதினாறு கடிதங்கள். மழை, கீ-போர்டு, அக்காவின் முழங்கால் வலி, நான் படித்தேயாகவேண்டிய ஒரு ஹங்கேரிய நாவல். கவிதை ஒன்றுகூட வரவில்லை. அதற்கு முன் ஏழு வருஷத்தில் கவிதையில்லாமல் அவன் கடிதம் வந்த மாதம் குறைவு.

என் கடிதத்தில் என்ன எழுதினேன் என்று எனக்கு நினைவிருக்கிறது. நினைவிருக்கிறது என்று நினைக்கிறேன். பிரதியின் பிற்பாதி முதல் தொகுப்பின் நிழல் என்று சொன்னேன். ஒரு குரலைக் கண்டுபிடித்தவன் அந்தக் குரலிலிருந்து பென்ஷன் வாங்க ஆரம்பித்துவிட்டான் என்ற வாக்கியம் எனக்கு ஞாபகத்தில் இருக்கிறது. எழுதும்போது அந்த வாக்கியம் எனக்குத் திருப்தியாக இருந்ததும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அது அந்தக் கடிதத்தில்தான் இருந்ததா, பிற்பாடு ஏதோ மதிப்புரைக்காக யோசித்ததா? முதலில் நாலைந்து கவிதைகளை மனதாரப் பாராட்டினதாகவும் நினைவு. இந்தப் பாராட்டு மாதத்துக்கு மாதம் நீண்டுகொண்டே வருவதைக் கவனிக்கிறேன். மேற்கோளை மூலத்தோடு ஒப்பிடாமல் அச்சுக்குக் கொடுக்காதே என்று மற்றவர்களிடம் சண்டை பிடிக்கிறவன் நான். இங்கே மூலம் என் கண்ணெதிரே இருக்கிறது, ஒப்பிட முடியவில்லை. பூட்டிய கடிதத்தின் நீளம் மட்டும் ஏறக்குறைய உள்ளேயிருப்பதைக் காட்டிக்கொடுக்கும். இருநூற்றுச் சொச்சம் வரிகள். பாராட்டு அவ்வளவு நீளம் போகாது.

அவன் போன இரண்டு மாதம் கழித்து அவன் அக்கா எங்கள் கிளைக்கு வந்தார்கள். அங்கே அவர்களுக்கு ஒரு சின்ன லாக்கர் உண்டு. என் கவுண்ட்டருக்கு எதிரே உட்கார்ந்து, துணிப்பையிலிருந்து அவன் லேப்டாப்பை எடுத்து வைத்தார்கள்.

"தம்பி, லாக்கர் சாவி தொலைஞ்சுபோனா நீங்க ஆளை வரவழைச்சு உடைப்பீங்கல்ல. இதுக்கும் அந்த மாதிரி ஆள் இருப்பாங்கல்ல?"

கடைத்தெருவில் இரண்டு பேரிடம் காட்டியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுத்தரலாம் என்று இருவரும் சொல்லியிருக்கிறார்கள்.

லாக்கர் உடைப்பதை நான் பார்த்திருக்கிறேன். லாக்கருக்கு இரண்டு சாவி. ஒன்று பாங்கினுடையது, ஒன்று வாடிக்கையாளருடையது. இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். வாடிக்கையாளர் சாவிக்கு எங்களிடம் மாற்று கிடையாது. தொலைந்தால், அல்லது ஆள் போய்விட்டால், கடிதம், சான்றிதழ், சாட்சிகள் எல்லாம் வந்தபின் லாக்கர் கம்பெனி மெக்கானிக் டிரில்லோடு வருவார். அரைமணிக்குள் முடிந்துவிடும். உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துப் பட்டியல் எழுதி, சாட்சிகள் கையெழுத்துப் போடுவார்கள். ஒரு தடவை நகையை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு முன்னால் ஒரு பிஸ்கட் டின்னும் ரப்பர் பாண்டு போட்ட ஒரு கட்டுக் கடிதமும் வெளியே வந்தன. யாருடையது என்று சொல்லமாட்டேன். பாங்கில் சேருகிற அன்றைக்கே ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறேன். கடிதம் எல்லோர் எதிரிலும் எண்ணப்பட்டது: 'பழைய கடிதங்கள், 37'. எண்ணினவர் ஒன்றையும் பிரித்துப் படிக்கவில்லை. படித்திருக்கலாம், யாரும் தடுத்திருக்கமாட்டார்கள்.

எங்கள் தொழிலில் ரகசியம் ஆட்களால் காப்பாற்றப்படுகிறது. ஆகவே ஆட்களிடம் கேட்கமுடியும், கெஞ்ச முடியும், விதியில் ஒரு வழி பார்க்கமுடியும். 2021-ல் ரிசர்வ் வங்கி லாக்கர் விதிகளைத் திருத்தி எழுதியபோதும், ஆள் இறந்தால் யார், எந்தச் சாட்சிகளோடு திறப்பது என்று பக்கக்கணக்கில் சொன்னது. நண்பன் உபயோகித்த பூட்டில் அப்படியொரு அத்தியாயம் கிடையாது. வட்டு முழுவதையும் பூட்டியிருந்தான். முறையாகப் பூட்டிய வட்டில் எத்தனை கோப்புகள், என்ன பெயர், எந்தத் தேதி என்பதுகூட வெளியே தெரியாது. நிரம்பிய வட்டும் காலி வட்டும் பார்வைக்கு ஒன்றுதான். அதன் சாவி 256 பிட். சாத்தியமான சாவிகளின் எண்ணிக்கையை எழுத 78 இலக்கம் வேண்டும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க உலகத்தில் கம்ப்யூட்டரும் இல்லை, காலமும் இல்லை. மனிதன் நினைவில் வைத்துக்கொள்கிற கடவுச்சொல்தான் பலவீனமான இடம். நண்பன் அதையும் அடைத்துவைத்திருப்பான். அவன் எனக்குக் கற்றுக்கொடுத்த முறை தாயக்கட்டை. ஐந்து பகடையை உருட்டவேண்டும். 7,776 சொற்கள் கொண்ட பட்டியலில் அந்த எண்ணுக்கு நேராக இருக்கிற சொல்லை எடுத்துக்கொள்ளவேண்டும். இப்படி ஆறு சொல். வரிசையாக மனப்பாடம். ஆறு சொற்களின் சேர்க்கைகள் 24 இலக்க எண். "உனக்குப் பிடிச்ச வரியைப் போடாதே. உன்னைத் தெரிஞ்சவன் கண்டுபிடிச்சிடுவான்" என்பான்.

அக்காவிடம் ஆள் யாரும் இல்லை என்று சொன்னேன். அவர்கள் நம்பவில்லை. "நீங்க அவன்கூட இத்தனை வருஷம் பழகியிருக்கீங்க. ஏதாவது வார்த்தை போட்டுப் பாருங்களேன்" என்று லேப்டாப்பை என்னிடமே விட்டுவிட்டுப் போனார்கள்.

மூன்று இரவு உட்கார்ந்தேன். தன் உபதேசத்தைத் தானே மீறியிருப்பான் என்ற ஒரே நம்பிக்கை. அந்தப் பூட்டு ஒவ்வொரு வார்த்தைக்கும் இரண்டு விநாடி எடுத்துக்கொண்டு பிறகு மறுக்கும். ஆயிரக்கணக்கில் வேகமாகப் போட்டுப் பார்க்கிறவர்களைத் தாமதப்படுத்த வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு. ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவனுக்கு ஆள் யோசித்துச் சொல்கிற மாதிரி இருக்கும். முதல் இரவு, அச்சான கவிதைகளின் தலைப்புகள். இரண்டாம் இரவு, அவன் திட்டுவதற்காக உபயோகித்த பெயர்கள், அவன் ஊர்த் தெருக்கள், அந்த ஹங்கேரிய நாவலின் பாத்திரங்கள். மூன்றாம் இரவு என் பெயரை அடித்தேன். இரண்டு விநாடி. இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது: நான் அவன் கவிதைகளைத் தேடவில்லை. அக்கா கேட்டது கவிதை. தம்பி கடைசி வருஷத்தில் எழுதினது ஏதாவது இருக்கும், புத்தகமாகப் போடவேண்டும் என்றார்கள். நான் தேடியது என் கடிதத்தை. அந்த வட்டில்தான் அதைத் திறக்கிற சாவி இருக்கிறது. அதற்கும் அடியில் வேறொன்றைத் தேடினேன்: 2021 நவம்பருக்குப் பின் தேதியிட்ட ஒரு கவிதை. ஒன்றே ஒன்று இருந்தாலும் போதும். இருந்தால் நான் விமர்சகன், அவன் என் அபிப்பிராயத்தை ஒதுக்கிவிட்டு வேலையைப் பார்த்த கவிஞன். இல்லையென்றால்? காலி வட்டும் நிரம்பிய வட்டும் வெளியிலிருந்து ஒன்றுதான் என்பதை மறுபடி யோசித்தேன். திறந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

இந்த இடத்தில் எல்லோருக்கும் காஃப்கா ஞாபகம் வரும், எனக்கும் வந்தது. எல்லாவற்றையும் எரித்துவிடு என்று எழுதிவைத்துவிட்டு 1924-ல் காஃப்கா போனார். எரிக்கமாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்த மாக்ஸ் ப்ராட் 1925-ல் 'விசாரணை'யை அச்சிட்டார். காஃப்காவின் காகிதங்களுக்குப் பூட்டு இல்லை, அதனால் நமக்கு காஃப்கா கிடைத்தார் என்று சொல்லிவிடலாம். ஆனால் அதே பூட்டில்லாத காகிதங்களில் ஒரு பகுதி டோரா டைமண்ட்டிடம் இருந்தது. 1933-ல் பெர்லினில் கெஸ்டபோ அவர் வீட்டில் புகுந்து வாரிக்கொண்டு போயிற்று. இன்னும் கிடைக்கவில்லை. பூட்டில்லாத மேஜை இழுப்பறை சிநேகிதனுக்கும் போலீசுக்கும் ஒரே மாதிரிதான் திறந்தது. நண்பனின் பூட்டு இருவருக்கும் ஒரே மாதிரி மூடியிருக்கிறது. ப்ராடையும் கெஸ்டபோவையும் பிரித்துப் பார்க்கிற பூட்டு ஒன்றை இதுவரை யாரும் செய்யவில்லை. செய்ய முடியும் என்று அரசாங்கங்கள் மட்டும் நம்புகின்றன. நம் அரசாங்கம் 2015 செப்டம்பரில் ஒரு வரைவு வெளியிட்டது: பூட்டி அனுப்புகிறவன் பூட்டாத நகலையும் 90 நாள் வைத்திருக்கவேண்டும், கேட்டால் காட்டவேண்டும். எதிர்ப்பு வந்ததும் சில நாட்களில் வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு வாபஸாகவில்லை. அதன்படி உத்தரவு வந்தால் திறந்து காட்ட உதவவேண்டும். மறுத்தால் ஏழு வருஷம்வரை சிறை. உயிரோடிருக்கிறவனுக்குத்தான் அந்த ஏழு வருஷம்.

அந்த 90 நாள் நகலை நான் வைத்திருந்தால் எனக்கு இன்றைக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும் என்றும் நினைத்துப் பார்த்தேன். நினைத்ததற்கு வெட்கப்பட்டேன் என்று எழுதினால் அது பொய். வெட்கப்படவில்லை. அதிகாரம் எதைக் கேட்கிறதோ அதையேதான் நானும் கேட்டேன்: எனக்கென்று எழுதப்படாத ஒன்றை, நல்ல காரணத்துக்காக, ஒரு தடவை மட்டும் பார்க்கவேண்டும். என் கடிதமேகூட என்னுடையது இல்லை, அவனுக்கென்று கொடுத்தது. விமர்சகனின் தொழிலில் பாதி இந்த உரிமையின் மேல் நிற்கிறது. புதுமைப்பித்தன் மனைவிக்கு எழுதியவற்றை 'கண்மணி கமலாவுக்கு' என்ற புத்தகமாக நாமெல்லாம் படித்திருக்கிறோம். நான் மூன்று தடவை படித்தேன், கோடு போட்டு. எனக்கென்று எழுதப்பட்டதா என்று ஒரு தடவையும் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தப் புத்தகம் இல்லாமலிருந்தால் நல்லது என்று இப்போதும் சொல்லமாட்டேன்.

நண்பனுக்குச் சாவியை யாரிடமாவது கொடுத்துவைக்கத் தெரியாமலில்லை. ஒரு காகிதத்தில் ஆறு சொல் எழுதி அக்காவிடம் கொடுத்திருக்கலாம், என்னிடம் கொடுத்திருக்கலாம். நாற்பது வயதுகூட ஆகாதவன், யோசித்திருக்கமாட்டான் என்று அக்கா சொல்கிறார்கள். இருக்கலாம். எல்லாவற்றையும் யோசித்து, யாரிடமும் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கவும் கூடும். இரண்டில் எது என்பதற்கு வட்டில் பதில் இல்லை.

நாலாம் நாள் லேப்டாப்பைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முடியவில்லை என்றேன். அக்கா காப்பி கொடுத்தார்கள். டம்ளரை வைக்கும்போது கேட்டார்கள்:

"அவன் உங்க லெட்டர் ஒண்ணைப் பத்தி சொல்லிட்டிருந்தான் தம்பி. மழை சமயத்துல வந்தது. என்ன எழுதியிருந்தீங்க?"

"என்ன சொன்னான்?" என்று கேட்டேன்.

"நீளமா எழுதியிருக்கான்னு சொன்னான். அவ்வளவுதான்."

நினைவில்லை அக்கா, என்றேன். அது பொய்யா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

இப்போது என் ஏற்பாட்டில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். யாருக்கு எழுதினாலும் அந்தக் கடிதம் என் பூட்டாலும் சேர்த்துப் பூட்டப்படும். இனி நான் எழுதியதை நான் படிக்கலாம். அப்படியென்றால் எனக்குப் பிறகு என் சாவி கிடைக்கிறவனும் படிக்கலாம். ஆகவே சாவியை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி வந்துவிட்டது. ஆறு சொல்லை ஒரு தாளில் எழுதி, கவரில் போட்டு, என் மனைவியிடம் நீட்டினேன். "எனக்கெதுக்கு? காட்டறதாயிருந்தா நீங்க இருக்கும்போதே காட்டுங்க" என்று சொல்லிவிட்டு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள். கவர் ஒட்டாமல் மேஜையில் இருக்கிறது.

போன மாதம் அக்கா மறுபடி கிளைக்கு வந்தார்கள். சின்ன லாக்கரில் லேப்டாப் நுழையாது. கடையில் கொடுத்து வட்டை மட்டும் கழற்றி வாங்கியிருந்தார்கள். சீட்டுக்கட்டைவிடக் கொஞ்சம் பெரிசு, எடையே இல்லை. அதை ஒரு சுருக்குப் பையில் போட்டு, பையின் வாயை நூலால் கட்டியிருந்தார்கள். ஆபீசர் பாங்க் சாவியைத் திருப்பினார், அக்கா தன் சாவியைத் திருப்பினார்கள். நான் வெளியே மேஜையில் பதிவேட்டை நிரப்பினேன். உள்ளே போன நேரம் 11.20. திரும்பி வந்து கையெழுத்துப் போட்டபோது 11.26.